தெரிந்த நாள் வரைக்கும்

கண்ணாடிக் கடை வைத்திருந்த அண்ணனுக்குத் தெருவில் "அரை நூல்" என்று பெயர். ஜன்னலுக்கோ மேசைக்கோ வெட்டிய கண்ணாடி அளவில் அரை நூல் பிசகினாலும் அந்தத் துண்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வேறு ஷீட் எடுப்பார். "விடுங்கண்ணே, சட்டத்துக்குள்ள மறைஞ்சுடும். யார் பாக்கப் போறா?" என்பார்கள் வந்தவர்கள். "மழை பாக்கும்" என்பார் அண்ணன்.

படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அப்பா போனதும் கடை அவர் தலையில் விழுந்தது. அம்மாவும் அடுத்த இரண்டு வருடத்தில் போய்ச் சேர, ஒரு தம்பியும் ஒரு தங்கையும் அவர் பொறுப்பானார்கள். தம்பி கொஞ்சம் வளர்ந்த பையன். தங்கை ரொம்பச் சின்னவள். இனிமேல் பிள்ளை இல்லை என்று எல்லோரும் தீர்மானித்துவிட்ட வயதில் அம்மாவுக்குப் பிறந்தவள் என்பதால் அவளுக்கு வீட்டில் "கொசுறு" என்று பெயர்.

அந்தக் கொசுறுதான் புள்ளியியல் நிபுணர் ஆனாள். இதை அண்ணன் சொல்லாத ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. ஜன்னல் அளக்கப் போகும் வீட்டில், டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அவர் அசைய முடியாத நேரம் பார்த்து ஆரம்பிப்பார்.

"தங்கச்சி பெரிய ஆஸ்பத்திரில வேலை பாக்கறா. ஸ்டாடிஸ்டிசியன்."

"அப்படின்னா? இந்த மக்கள்தொகை எடுக்க வருவாங்களே, அதுவா?"

"அது எண்ணறது. இவ எண்ணாமலே சொல்லணும். அதுல எவ்வளவு தப்பு இருக்கலாம்னும் சேத்துச் சொல்லணும்."

"தப்பு இருக்கும்னு சொல்றதுக்குச் சம்பளமா?"

"அதுக்குத்தான் சம்பளமே" என்பார் அண்ணன், ஏதோ அந்தச் சம்பளத்தைத் தானே நிர்ணயித்த மாதிரி.

அவள் அந்த வேலைக்கு நேர்வழியில் போய்ச் சேரவில்லை. பள்ளியில் கணக்கு நன்றாக வந்தது. கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு வரிசையில் நின்றபோது, இவள் முறை வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா, "புள்ளியியல்ல இடம் கிடக்கு. கணக்குக்குப் பக்கத்து வீடு மாதிரிதான். போறியா?" என்றார். அண்ணன் முழித்தார். கப்பல் வேலையில் இருந்த தம்பி அன்றைக்கு விடுமுறையில் கூடவே வந்திருந்தான். "பக்கத்து வீடுதானே, சுவர் ஏறிக் குதிச்சுக்கலாம், சேத்து விடுண்ணே" என்றான். சேர்த்தார்கள். அந்த வகுப்பு மொத்தத்தையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம், அவ்வளவு பேர்தான்.

தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பாதி நாள் கடலில்தான். வீட்டுக்கு வந்தால் ஓரிடத்தில் உட்கார மாட்டான். ஒரு விடுமுறையில், கொசுறு செய்முறைப் பாடத்துக்காக ஒரு நாணயத்தைச் சுண்டிச் சுண்டி, தலையா பூவா என்று எழுதிக்கொண்டிருந்தாள். "நீ போய்ச் சாப்பிடு, மிச்சத்தை நான் சுண்டி எழுதறேன்" என்றான் தம்பி. அவள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

"சின்னண்ணா, நீ சுண்டவே இல்ல. மனசுலேர்ந்து எழுதியிருக்க."

"யார் சொன்னா? கட்டை விரல் வீங்கிப் போச்சு, பாரு."

"நிஜமா சுண்டினா ஒரே மாதிரி அஞ்சாறு தடவை வரிசையா விழும். நீ பயந்துபோய் மாத்தி மாத்தி எழுதியிருக்க."

தம்பி அண்ணனைப் பார்த்து, "இவகிட்ட இனிமே பொய் சொல்ல முடியாதுண்ணே. வீட்டுக்கு ஆகாத படிப்பு" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கடை வரைக்கும் கேட்டதாகப் பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்.

பட்டம் வாங்கியதும் அரசுத் தேர்வு எழுதினாள். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவையும் தவறியது. அதற்குப் பிறகு ஒரு கணக்கெடுப்பு நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். நாய் துரத்திய தெருக்கள், "எதுக்கும்மா இதெல்லாம் கேக்கற?" என்று கதவைச் சாத்திய வீடுகள். வெயிலில் முகம் கறுத்துப்போய் வருவாள். மேற்பார்வையாளர் ஒரு சுருக்குவழி சொல்லிக் கொடுத்தார். வீடு பூட்டியிருந்தால் திரும்பத் திரும்பப் போய் நேரத்தை வீணாக்காதே, பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொள். இவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"பகல்ல வீடு பூட்டியிருக்குன்னா அவங்க வேலைக்குப் போறவங்க. பகல்ல கதவு திறந்திருக்கிற பக்கத்து வீடு வேற மாதிரி. ஒண்ணுக்கு இன்னொண்ணை எப்படிண்ணா எழுதறது?"

அண்ணனுக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் சாயங்காலம் அவள் மறுபடி கிளம்பும்போது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூடவே போவார். அவள் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டு முடிக்கும் வரை தெருமுனையில் நின்று, அந்த வீட்டு ஜன்னலுக்கு என்ன அளவு இருக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருப்பார்.

அந்த வேலையில் இருந்துகொண்டே மாலைக் கல்லூரியில் மேல்படிப்பு முடித்தாள். புரோகிராம் எழுதத் தோழியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகினாள். பிறகு வேறு ஊரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில், நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. அங்கே தலைமையில் இருந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். ஒரு இடம் காலியானபோது இவளும் விண்ணப்பித்தாள். தேர்வில் ஒரு அட்டவணையைக் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டார்களாம். மற்றவர்கள் எல்லாரும் சராசரி எடுத்தார்கள். இவள், "இதுல யாரைச் சேக்காம விட்டிருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். வேலை கிடைத்தது. அண்ணன் அன்றைக்குக் கடையைப் பாதியிலேயே மூடிவிட்டுத் தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்.

தம்பிக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. அதற்குள் தம்பி காணாமல் போயிருந்தான்.

கல்யாணமாகி இரண்டு வருடம்கூட நிறையவில்லை. ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கினான். காய்ச்சலும் இருமலும் இருந்தது, மருத்துவரைப் பார்க்கக் கரைக்கு அனுப்பினோம், திரும்பி வரவில்லை, கப்பல் காத்திருக்க முடியாமல் கிளம்பிவிட்டது என்று கம்பெனி சொன்னது. அண்ணன் கம்பெனி வாசலில் போய் நின்றார். தூதரகத்துக்கு எழுதினார். அந்தத் துறைமுகத்துக்குப் போன மற்ற கப்பல்காரர்களைத் தேடிப் பிடித்து, போட்டோவைக் காட்டி விசாரித்தார். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

முதல் வருடம் யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொன்னார். போகப்போக அந்தக் கதை மெலிந்தது. இருமல் முதலில் உதிர்ந்தது. பிறகு காய்ச்சலும் உதிர்ந்தது. கடைசியில், "அந்த ஊர்ல இறங்கியிருக்கான். கை கால் நல்லா இருக்கற பையன், கையில சமையல் இருக்கு. எங்கயாவது ஒரு ஓட்டல்ல நின்னுக்கிட்டிருப்பான். அவனுக்குத்தான் ஒரு இடத்துல உக்காரத் தெரியாதே" என்பது மட்டும் நின்றது. வீட்டில் யாரும் அவரைத் திருத்தவில்லை. தம்பி மனைவி அந்த வீட்டிலேயே இருந்தாள். மருந்துக் கடை ஒன்றில் கவுண்டரில் வேலை பார்த்தாள். காலையில் போவாள், இருட்டும் முன் வருவாள். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள்.

கொசுறு வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போது வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெஞ்சு நோய்க்கு ஒரு புது மாத்திரையைச் சோதிக்கிறார்கள். நோயாளிகள் மாதா மாதம் வரவேண்டும். சிலர் பாதியில் வராமல் நின்றுவிடுகிறார்கள்.

"நின்னுட்டவங்களை என்னன்னு எழுதுவீங்க?" என்று கேட்டார் அண்ணன்.

"செத்துட்டாங்கன்னும் எழுத மாட்டோம், இருக்காங்கன்னும் எழுத மாட்டோம். எந்த நாள் வரைக்கும் உயிரோட இருந்தாங்கன்னு நமக்குத் தெரியுமோ, அந்த நாள் வரைக்கும் கணக்குல வெச்சுப்போம்."

சோற்றில் இருந்த அண்ணனின் கை அப்படியே நின்றது. "அப்ப, செத்துட்டாங்கன்னு எழுதக் கூடாது?"

"தெரியாம எப்படிண்ணா எழுதறது?"

பரிமாறிக்கொண்டிருந்த தம்பி மனைவி கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. பல நாளாகத் தேடிய சாமான் கையில் தட்டுப்பட்டது போல அவர் முகம் இருந்தது. அன்றிலிருந்து உறவுக்காரர்கள் யாராவது, "இன்னும் எத்தனை நாள்தான்…" என்று இழுத்தால், முடிக்க விடமாட்டார். "தெரியாம எழுதக் கூடாது. ஆஸ்பத்திரியிலயே எழுத மாட்டாங்க. நான் சொல்லலப்பா, படிச்சவ சொல்றா" என்பார்.

அதற்கு அடுத்த வருடம் கொசுறு தன் முதல் பெரிய அறிக்கையை எழுதினாள். ஊருக்கு வந்தபோது அதிலிருந்த படம் ஒன்றைக் காட்டினாள். இடமிருந்து வலமாக இறங்கும் இரண்டு படிக்கட்டுகள். ஒன்று வேகமாக இறங்கியது, மற்றது மெதுவாக. மெதுவாக இறங்கியதுதான் புது மாத்திரை.

"இந்தப் படியெல்லாம் என்ன?"

"ஒவ்வொரு படியும் ஒருத்தர்ணா. அன்னிக்கு இறந்தவர்."

அண்ணன் படத்தைத் திருப்பி அவளிடமே கொடுத்துவிட்டார். "நல்லா வரைஞ்சிருக்க" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, வருவதாகச் சொல்லாத ஒரு நாளில் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "ஆபீஸ்ல ஒரு தப்புப் பண்ணிட்டேன்ணா. அறிக்கையைத் திரும்ப வாங்கிட்டாங்க" என்றாள். என்ன தப்பு என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டாலும் தனக்கு விளங்காது என்று நினைத்தார். "வெட்டினது பிசகினா என்ன, வேற ஷீட் எடுத்து வெட்டு. நான் தினம் செய்யறதுதானே" என்று சொல்லிவிட்டு டீ வாங்க எழுந்து போனார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தது அவருக்கு அப்போது ஞாபகத்தில் நிற்கவில்லை.

இப்படியே வருடங்கள் ஓடின. காணாமல் போனவரைப் பற்றி நீதிமன்றத்தில் கேட்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் ஏழு வருடக் கெடுவும் தாண்டிவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் அண்ணனின் மனைவி சாப்பாட்டுத் தூக்கைக் கடைக்குக் கொண்டு வந்தாள். வழக்கமாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, சின்னவளுக்கு ஒரு இடம் வந்திருக்கு."

"எந்தச் சின்னவளுக்கு? கொசுறுக்கா?"

"நல்லா முழிங்க. உங்க தம்பி பொண்டாட்டிக்கு."

கண்ணாடி வெட்டும் பேனா அவர் கையிலேயே இருந்தது. அவள் விவரம் சொன்னாள். மருந்துக் கடைக்கு மாத்திரை கொண்டு வரும் கம்பெனி ஆள். மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. மரியாதையானவர். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது. தனியாகப் போவதா, இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடச் சொல்வதா என்று இந்த மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"எத்தனை வருஷம்னாலும் காத்திருக்கேன்னு வசனம் பேச அவர் என்ன சினிமாக்காரரா? வக்கீல்கிட்ட கேட்டாச்சு. மனு போடலாமாம். புருஷன் வீட்டுல மூத்தவர் வந்து, எங்களுக்கு ஒரு தகவலும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம். அவ்வளவுதான்."

"சொன்னா என்ன எழுதுவாங்க?"

அவள் தூக்கின் மூடியைத் திருகிக் கழற்றினாள்.

"செத்துட்டான்னு எழுதுவாங்க. நாளைக்கு அவன் வந்து நின்னா?"

"வந்து நிக்கட்டும். அன்னிக்கு நானே வாசல்ல அவர் கால்ல விழறேன். இத்தனை வருஷமா எங்கப்பா இருந்தேன்னும் கேக்கறேன்."

"கொசுறே சொல்லியிருக்கா, தெரியாம எழுதக் கூடாதுன்னு."

"அவ ஆஸ்பத்திரியைச் சொன்னா. இது வீடு."

அன்று சாயங்காலம் தம்பி மனைவி தானே வந்து கூடத்தின் நிலைப்படியில் நின்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் அண்ணனிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"மாமா, நான் அவரைச் சாகடிக்கச் சொல்லல. அவர் இருக்கார்னு நீங்க உறுதியாச் சொல்லுங்க, நான் இங்கேயே இருக்கேன். எங்கயும் போகல. நீங்க அதையும் சொல்ல மாட்டேங்கறீங்க. 'தெரியல, தெரியல'ன்னு சொல்லியே என்னை உக்கார வெச்சிருக்கீங்க."

அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "கொசுறு வரட்டும்மா" என்றார். "அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவ என்ன சொல்றாளோ, அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்." அவள் என்ன சொல்வாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கொசுறு பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய மரச்சட்டங்களைத் துடைத்துக்கொண்டு அண்ணன் உள்ளே இருந்தார். அவள் குனிந்து நுழைந்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"வீட்டுக்குப் போகலையா?"

"முதல்ல உன்கிட்ட பேசணும்."

"பேசறதுக்கு என்ன இருக்கு? நீ சொன்னதைத்தான் நான் சொல்லிக்கிட்டு இருக்கேன். எந்த நாள் வரைக்கும் தெரியுமோ அந்த நாள் வரைக்கும். சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். பாதிதான் சொன்னேன்."

அண்ணன் துடைப்பதை நிறுத்தினார்.

"அப்படி வெச்சுக்கறதுக்கு ஒரு நிபந்தனை இருக்குண்ணா. வராம போனவங்களும் வந்துக்கிட்டிருக்கவங்க மாதிரியேதான் இருக்காங்கன்னு நம்பினாத்தான் அந்தக் கணக்கு செல்லும். நான் அதை நம்பிட்டேன். பூட்டின வீட்டுக்குப் பக்கத்து வீட்டை எழுத மாட்டேன்னு சண்டை போட்டவ, ஏசி அறையில உக்காந்ததும் அதையே செஞ்சேன். படிக்கட்டு அழகா வந்துச்சு. மேடம் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 'வராதவங்க ஏன் வரல?' எனக்குப் பதில் தெரியல. ஆளனுப்பி, ஃபோன் போட்டு, ஒவ்வொருத்தரா விசாரிச்சோம்."

"அதான் அந்தத் தப்பா?"

"அதான்."

"சரி. அவங்கெல்லாம் என்ன ஆனாங்க?"

கொசுறு அடுக்கி வைத்திருந்த கண்ணாடிகளைப் பார்த்தபடி நின்றாள். "உடம்பு முடியாம போனதாலதான் வரல. பஸ் ஏற முடியல. முக்கால்வாசிப் பேர் இல்லண்ணா."

"அப்ப கால்வாசிப் பேர் இருக்காங்க!"

"இருக்காங்க. ஒருத்தர் மகன் வீட்டுக்குப் போயிட்டார். ஒரு அம்மா வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டாங்க. ஒருத்தருக்கு எங்க டாக்டரையே பிடிக்கலையாம்."

"பாத்தியா? அந்தக் கால்வாசியில இவன் இருக்கக் கூடாதா? சொல்லு. இருக்கலாமா, கூடாதா?"

"இருக்கலாம்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "ஆனா அண்ணா, உயிரோட இருந்தவங்க எல்லாரும் தேடின உடனே கிடைச்சுட்டாங்க. ஒரு ஃபோன், ரெண்டு ஃபோன், அவ்வளவுதான். நாம எத்தனை வருஷமாத் தேடறோம்?"

வெளியே யாரோ சைக்கிளை ஷட்டர் மேல் சாய்த்தார்கள். தகரம் அதிர்ந்து அடங்கியது.

"அவன் வேற" என்றார் அண்ணன். "அவனுக்கு ஒரு இடத்துல…"

"சின்னண்ணன் ஏன் கப்பலை விட்டு இறங்கினான்?"

"வேலை பிடிச்சிருக்காது."

"அண்ணா."

"அந்த ஊர் பிடிச்சுப் போயிருக்கும்."

"அண்ணா, என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததைப் பிரித்தார். "காய்ச்சல்" என்றார். எத்தனையோ வருடமாக அந்தக் கடைக்குள் சொல்லப்படாத சொல். "இருமல். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். எழுந்து நிக்க முடியாமத்தான் கரைக்கு அனுப்பியிருக்காங்க."

கொசுறு அழுதாள். அண்ணனுக்கு அழுகை வரவில்லை. வேறு ஏதோ வந்தது. "இதைச் சொல்லத்தானாடி உன்னைப் படிக்க வெச்சோம்? அவனும் நானும்?" என்று கத்திவிட்டார். வாயை விட்டு வந்ததும் அதைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியாது என்று தெரிந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ டீ வாங்கப் போயிட்ட. அப்புறம், எங்க போனாலும் நீ என் பேரைச் சொல்லிச் சொல்லி… தங்கச்சி சொல்லியிருக்கா, தங்கச்சி சொல்லியிருக்கான்னு… அதைக் கேட்டுட்டு எனக்கு வாய் வரலண்ணா. அத்தனை வருஷமும் சின்ன அண்ணி உள்ள நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க."

அண்ணன் துணியைச் சட்டத்தின் மேல் போட்டார். பிறகு ஷட்டரை முழுக்கத் தூக்கினார். வெயில் உள்ளே வந்து எல்லாக் கண்ணாடியிலும் விழுந்தது. "வா, வீட்டுக்குப் போலாம். அவங்க சாப்பிடாம உக்காந்திருப்பாங்க" என்றார்.

அந்த வாரமே மனு போட்டார்கள். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிந்த வேறு யாருக்காவதோ தகவல் ஏதும் வந்ததா? இல்லை. தேடினீர்களா? தேடினோம். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பஸ் நிலையத்தில், அவன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பக்கத்து சீட்டுக் குழந்தைக்கு முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருந்ததை அவர் சொல்ல ஆரம்பித்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "தேதி மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். தேதியைச் சொன்னார்.

உத்தரவு வரச் சில மாதங்கள் ஆயின. மாத்திரைக் கம்பெனிக்காரர் மாற்றலைத் தள்ளிப் போட்டுக்கொண்டு அதுவரை பொறுத்திருந்தார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. கொசுறு சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கீழே பதவி எழுதும் இடத்தில் "புள்ளியியல் நிபுணர்" என்று அவள் எழுதியதை அண்ணன் எட்டிப் பார்த்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் எல்லோரும் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். புது மாப்பிள்ளை பெட்டிகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அண்ணனின் மனைவி ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டி, "போனதும் ஃபோன் பண்ணு. மறந்தே, நான் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நிப்பேன்" என்று மிரட்டினாள். தம்பி மனைவி சிரித்தாள். டிரைவர் எஞ்சினைக் கிளப்பியதும் அந்தச் சிரிப்பு நின்றது. அவள் திடீரென்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே எட்டி, அண்ணனைத் தேடினாள்.

"மாமா!"

அண்ணன் பக்கத்தில் போனார்.

"மாமா, அவர் வந்தா? வந்து, நான் எங்கேன்னு கேட்டா?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. இப்போது இறங்கச் சொன்னால் இறங்கிவிடுவாள் போலிருந்தது. அண்ணன் திரும்பிக் கொசுறைப் பார்த்தார். அவள் சற்றுத் தள்ளித் தூணருகே நின்றிருந்தாள். கூப்பிட்டால் வந்திருப்பாள். அவர் கூப்பிடவில்லை.

"வர மாட்டான்மா" என்றார். "இறந்துட்டான். நீ போய்ட்டு வா."

பஸ் நகர்ந்தது. கம்பியைப் பிடித்த அவள் கை, திருப்பம் வரைக்கும் தெரிந்தது. அண்ணன் அங்கேயே, புகைக்குள், முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதுகொண்டு நின்றார். ஏதாவது பறிகொடுத்துவிட்டாரா என்று ஒரு சுமைதூக்குபவர் வந்து கேட்டார். கொசுறு வந்து அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி இறந்துட்டான்" என்றார் அண்ணன் அந்த ஆளிடம்.

"அடடா. எப்பங்க?"

அந்தத் தேதி அண்ணனுக்குத் தெரியாது.